நோயாளிக்கு விருப்பமில்லை

தாம்பரம்
7.10.2024

அன்புள்ள சான்ட்ரா அப்பாவுக்கு,

செபஸ்தியம்மாள் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. காற்று அடிக்குமே என்று அதை எதிரில் இருந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று தம்பி குழந்தைராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான். நீங்கள் பேசியதெல்லாம் கேட்டது. பதிலுக்கு "ம்" சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கே இடது கன்னம் வெட்டி இழுத்தது. அரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதனால் வீட்டில் பதினோரு வருஷமாகச் செய்வதையே இங்கேயும் செய்கிறேன். வாயால் சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதுகிறேன். இந்தத் தடவை தாளைக் கிழித்துத் தபாலில் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வாட்ஸ்அப்பில் எழுதேன் என்கிறான் தம்பி. அதில் எழுதினால் நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்று போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவீர்கள்.

ஆஸ்பத்திரியில் இந்த முக நரம்பு வலிக்கு நஃபீசா என்று ஒரு டாக்டர். சின்ன வயசுதான், ஆனால் பொறுமை. கத்தி கிடையாதாம், மண்டையைத் திறப்பதும் கிடையாதாம். தலையைச் சுற்றிப் பெரிய தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, ஆயிரம் இடத்திலிருந்து காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புவார்கள். தனித்தனியாக அது ஒன்றும் செய்யாது. மூளைக்குள் எல்லாம் ஒரே புள்ளியில் சேரும்போது அங்கே சூடு பிறக்கும். வலிச் செய்தி போகிற பாதையில் மிளகு அளவு இடத்தை அந்தச் சூட்டால் சுட்டுவிடுவார்கள். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற வைத்தியம்தான், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். முதலில் மண்டை ஓட்டைப் படம் எடுக்க வேண்டுமாம். சிலருடைய எலும்பு ஒலியை உள்ளே விடாது. தம்பி தன் நம்பரைக் கொடுத்து வைத்ததால் இந்தத் தடவையாவது நம்மைக் கூப்பிட்டார்கள்.

வெளியே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் தரங்கம்பாடிக்காரர் ஒருவர், துரைராசு என்று பேர், படகு இன்ஜின் மெக்கானிக். அவருக்கு வலது பக்கம். அவரும் துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தார். டோக்கன் சீட்டின் பின்னால் "வலி கரண்டா, மிளகாயா?" என்று எழுதி நீட்டினார். நான் "இரண்டும்" என்று எழுதினேன். இரண்டு பேரும் முகத்தை அசைக்காமல் சிரித்தோம். பிறகு நம் நோட்டை எடுத்தேன். மத்தியானத்துக்குள் மாற்றி மாற்றி ஆறு பக்கம் எழுதிவிட்டோம். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாற்று பிடித்ததா? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

செபஸ்தியம்மாள்


ஐந்தாங்கட்டளை
12.10.2024

அன்புள்ள செபஸ்திக்கு,

ரெமிஜியஸ் எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். வடக்கு வயலில் நடவு முடிந்தது. பொன்மணி நாற்று நன்றாகப் பச்சை கட்டியிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஒரு நாள் வருகிறது, மறுநாள் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறது. தெற்கு வயலுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். நானும் வயதுக்குத் தக்க மாதிரி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆறு பக்கம் எழுதினாயாமே. நல்லது. எனக்கு ஒரு நாளைக்கு ஆறு வரி எழுதினால் அதிகம். "உப்பு." "மாத்திரை." "ஃபேனை நிறுத்துங்கள்." நம் நோட்டு முழுக்க இதுதானே இருக்கிறது. அதையும் குறையாகச் சொல்லவில்லை. நீ ஒரு வார்த்தை எழுதினால் மிச்சம் ஒன்பதை நானே புரிந்துகொள்வேன், அதனால் எழுத அவசியமில்லாமல் போயிற்று. தரங்கம்பாடிக்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை, முழுசாக எழுதிக் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

சரி, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எரிகிறது. அந்த நோட்டு நமக்குள் இருந்தது. நீ எழுத நான் படிப்பது என்பது ஊரில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் இல்லாத காரியம். அதை எடுத்து முன்பின் தெரியாத ஆளிடம் நீட்டியிருக்கிறாய். அவர் என்ன எழுதினார் என்று கேட்க மாட்டேன். கேட்க வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. அவருக்குக் கையெழுத்து எப்படி, நல்ல கையெழுத்தா?

விளக்க வேண்டியிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மட்டும் நீ எப்போது விளக்கினாய்? உன் இடது புருவம் லேசாக மேலே ஏறினால் நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். சோற்றைக் குழைய வடித்து, மசித்து, ஆற வைத்து, வலது பக்கம் ஸ்பூனை நீட்டியவன் யார்? சித்திரை வெயிலில் ஃபேன் போடாமல் உன்னோடு படுத்துக் கிடந்தவன் யார்? கல்யாண வீட்டில், கோயிலில், ரேஷன் கடையில் உன்னை ஒருத்தர் ஒன்று கேட்டால் நீ கஷ்டப்படக் கூடாது என்று முந்திக்கொண்டு பதில் சொன்னவன் நான். மெக்கானிக்குக்கு வலி தெரியும், ஒத்துக்கொள்கிறேன். உன்னைத் தெரியுமா?

ஞாயிறு பூசை முடிந்து நம் கோயில் உபதேசியார் கேட்டார், "எங்க ரெமி, வீட்டம்மாவக் காணும்?" என்று. வேளாங்கண்ணிக்கு வேண்டுதல், மொட்டை போட்டுக்கொண்டு வருவாள் என்று சொல்லிவைத்தேன். தலையை மழிப்பார்கள் என்று குழந்தைராஜ் சொன்னானே. திரும்பி வரும்போது யாரும் எதுவும் கேட்கக் கூடாது அல்லவா? எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

உன்
ரெமிஜியஸ்


தாம்பரம்
17.10.2024

அன்புள்ள சான்ட்ரா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாதது வேறு விஷயம். நாற்பத்தொன்பது வயசில் இப்படி ஒரு பொறாமை. அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். போதுமா?

நீங்கள் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் நீங்கள் மட்டும்தான் பொறாமைப்படுகிறீர்கள் என்று நினைக்காதீர்கள். எனக்கு உங்கள் பல் துலக்கும் பிரஷ் மேல் பொறாமை. காலையில் கொல்லையில் நின்றுகொண்டு கரகரவென்று தேய்த்து, கொப்பளித்துத் துப்புவீர்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் விரலில் துணியைச் சுற்றி வலது பக்கம் மட்டும் துடைத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் முறுக்கு தின்பது, தும்முவது, வண்டியில் போகும்போது எதிர்க்காற்றில் வாயைத் திறந்து பாடுவது எல்லாவற்றின் மேலும் பொறாமை. தேங்காய் உரிக்கிற இடத்தில் நாலு பேர் சேர்ந்தால் உங்கள் குரல்தான் பெரிதாகக் கேட்கும். நான் அடுப்படியில் உட்கார்ந்து, இந்த மனுஷனுக்கு வாய் எப்படிச் சும்மாவே கிடைத்திருக்கிறது என்று நினைப்பேன். இதை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. அந்த ஆறு பக்கத்தில் எழுதினேன்.

இனி விஷயம். என் மண்டை ஓடு சரியாக இருக்கிறதாம், சேர்த்துக்கொண்டார்கள். நவம்பர் ஆறாம் தேதி புதன்கிழமை செய்கிறார்கள். துரைராசுவுக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய எலும்பு ஒலியைத் தடுக்கிறதாம். டாக்டர் சொன்னதும் சீட்டை எடுத்து என்னவோ எழுதப் போனார், எழுதவில்லை, அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் வாழ்த்து கொஞ்சம்தான் இருந்தது. அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் அந்தக் கொஞ்சமும் இருந்திருக்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது. புதன்கிழமைக்கு வருவீர்களா? முழுசாக விழித்துக்கொண்டே மூன்று நாலு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டுமாம். வெளியே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் கிடந்துவிடுவேன்.

செபஸ்தியம்மாள்


ஐந்தாங்கட்டளை
23.10.2024

அன்புள்ள செபஸ்திக்கு,

உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று படித்ததும் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

தரங்கம்பாடிக்காரருக்கு முடியாது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். ஆனால் இருந்தது. வலியில் துடிக்கிற ஒரு மனுஷனுக்கு வழி அடைபட்டதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற ஆளாகிவிட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன்.

வர முடியாது செபஸ்தி. தெற்கு வயல் நடவு தள்ளிப்போய் இப்போதுதான் நடக்கிறது. நாற்றுக்கு வயசாகிறது, இனியும் விட்டால் பயிர் தூர் கட்டாது. ஆளை நம்பி விட்டுவிட்டு வர முடியாது. குழந்தைராஜ் இருக்கிறான், அவன் பெண்டாட்டி இருக்கிறாள். திருச்சி ஹாஸ்டலில் இருந்து சான்ட்ராவும் வருகிறேன் என்றாள். எல்லோரும் உன் பக்கத்தில் இருப்பார்கள், நான் மட்டும் இங்கே சேற்றில் நிற்பேன். அதற்கும் எனக்கு எரியத்தான் செய்கிறது.

மூளை என்றால் எனக்குப் பயம். கொஞ்சம் தள்ளிச் சுட்டுவிட்டால்? நம் கல்யாணத்தன்று மழை பெய்து பந்தல் சரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இதைப் படித்ததும் ஞாபகம் இருக்கிறது என்று எழுது. முடிந்த பிறகும் அதே கேள்வியைக் கேட்பேன்.

டாக்டர்கள் கேட்பதற்கு மட்டும் தலையாட்டு. பழைய பேப்பர், பழைய கதை எதையும் கிளற வேண்டாம். அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேச முடிந்தால் முதல் வார்த்தை எனக்கு. தம்பிக்கு இல்லை, மகளுக்கும் இல்லை. போனை எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். பதினோரு வருஷம் காத்திருந்தவனுக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன்
ரெமிஜியஸ்


தாம்பரம்
11.11.2024

சான்ட்ரா அப்பாவுக்கு,

புதன்கிழமை முடிந்தது. குழந்தைராஜ் உங்களுக்குச் சொல்லியிருப்பான். நான் ஏன் போனில் வரவில்லை என்று அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டீர்களாம். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் தலையை மழித்தார்கள். மண்டையில் நாலு இடத்தில் மரக்க ஊசி போட்டு இரும்பு வளையத்தைத் திருகிப் பொருத்தினார்கள். தலையைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடியது. மார்கழி மாசம் வாய்க்காலில் தலையை வைத்துப் படுத்த மாதிரி இருந்தது. கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள், தாங்க முடியாவிட்டால் அழுத்தச் சொல்லி. குகை மாதிரி இருந்த ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளி, கொஞ்ச நேரம் ஒலி, பிறகு நிறுத்தி வெளியே இழுத்து டாக்டர் நஃபீசா கேட்பார், மறுபடியும் உள்ளே. உள்ளே போகும்போதெல்லாம் தலை சுற்றியது, ஊஞ்சலில் பின்பக்கமாகப் போவது போல. ஒரு தடவை மண்டைக்குள் சூடு ஏறி வாந்தி வந்தது. பட்டனை அழுத்தவில்லை. ஏழாவதா எட்டாவதா, கணக்கு விட்டுப்போய்விட்டது. அப்போது என் கையை என் கன்னத்திலேயே வைக்கச் சொன்னார். வைத்தேன். வெறும் கன்னமாக இருந்தது. குளிர்ந்திருந்தது, கொஞ்சம் மரத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அமுக்கிப் பார்த்தேன். தேய்த்துப் பார்த்தேன். அழுதேன், அழுததும் வலிக்கவில்லை.

"பேசிப் பாருங்கம்மா" என்றார்.

முதல் வார்த்தை உங்களுக்கு என்று கேட்டிருந்தீர்கள். அப்படித்தான் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து வாங்கும்போது டாக்டர் கேட்டார். "அம்மா, இந்தத் தடவை உங்களுக்கு முழுச் சம்மதம்தானே? போன தடவ வேணாம்னுட்டீங்க, அதான் கேக்குறேன்." எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். 14.9.2022 என்று தேதி போட்டிருந்தது. போனில் கூப்பிட்டோம், கணவர் பேசினார், நோயாளிக்கு விருப்பமில்லை என்று இருந்தது. அங்கேயே நோட்டில் எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை வாயால்தான் கேட்க வேண்டும் என்று ஒரு இரவும் ஒரு பகலும் உள்ளேயே வைத்திருந்தேன். தண்ணீர் ஓடியபோதும், சூடு ஏறியபோதும் அதைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஆகவே முதல் வார்த்தை இதுதான். "எங்க வீட்டுக்காரர் அன்னைக்கி என்ன சொன்னாரு டாக்டர்?"

அன்று போன் செய்தவரே அவர்தானாம். ஞாபகம் வைத்திருந்தார். "'அவளுக்கு விருப்பமில்லைங்க, நான் கேட்டுட்டேன்'னு சொன்னாரும்மா" என்றார்.

கேட்டுட்டேன். என்னிடம் எப்போது கேட்டீர்கள்? தஞ்சாவூர் டாக்டர் என் பேரை எழுதி அனுப்பினாரே, இன்னும் கூப்பிடவில்லையே என்று நோட்டில் எத்தனை தடவை எழுதினேன்? "அது பெரிய ஆஸ்பத்திரி, நம்மள எங்க ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க" என்றீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு, வலி பல்லில் இருக்குமோ என்று இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு நாள் விடிகாலை நான் வெண்ணாற்றுப் பாலத்தில் போய் நின்றேன். அது உங்களுக்குத் தெரியாது. உபதேசியார் மகன் பால் எடுத்துக்கொண்டு வந்ததால் திரும்பி வந்தேன். புருவம் ஏறினால் ஜன்னலைச் சாத்துகிறவருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?

பந்தல் சரிந்தது ஞாபகம் இருக்கிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஏன் என்று எழுதுங்கள். போனில் வேண்டாம். போனில் நீங்கள் பேசினால் கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிடுவீர்கள்.

செபஸ்தியம்மாள்


ஐந்தாங்கட்டளை
16.11.2024

செபஸ்தி,

சொன்னேன். விருப்பமில்லை என்றும் சொன்னேன், கேட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வராததும் அதனால்தான். நடவு ஒரு சாக்கு. என் பேரைக் கேட்டதும் அங்கே யாருக்காவது ஞாபகம் வந்துவிடும் என்று பயந்தேன்.

அன்று குறுவை அறுப்பு. வரப்பில் நின்றுகொண்டிருந்தேன், மெஷின் சத்தம். போனில் ஒரு பெண் குரல், அவங்களுக்கு விருப்பமா என்று கேட்டது. செபஸ்தி, நான் யோசிக்கவே இல்லை. "காபி வேணுமா?" என்று உன்னைக் கேட்டால் "அவளுக்கு ஆகாதுங்க" என்று சொல்லுவேனே, அதே வேகத்தில் வந்துவிட்டது. உனக்குப் பதிலாகச் சொல்லிச் சொல்லி, நீ சொல்வது எது, நான் சொல்வது எது என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது. போனை வைத்த பிறகு திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அந்த நம்பர் பத்து நாள் போனில் இருந்தது. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்தேன்.

மூளை என்று பயந்ததாகப் போன கடிதத்தில் எழுதினேன். பயம் உண்மைதான். ஆனால் அது பாதிதான். மிச்சத்தையும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் நீ என்னை மறுபடி எதுவும் கேட்க மாட்டாய்.

கல்யாணம் ஆன புதிதில் நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் உன்னைச் சுற்றித்தான் கூட்டம். உபதேசியார் மாதிரியே பேசிக் காட்டுவாய், உபதேசியாரே சிரிப்பார். பாட்டுக் குழுவில் உன் குரல்தான் முன்னால் போகும். நான் ஓரமாக நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இந்த ஊமைக்கு இவ்வளவு பேசுற பொண்டாட்டியா?" என்று என் அண்ணன்கூடக் கிண்டல் செய்தான். நீ வீட்டுக்கு வந்ததும் களைத்துப்போய்ப் படுத்துவிடுவாய். ஊருக்கெல்லாம் கொடுத்தது போக எனக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. பதிமூன்று வருஷம் அந்த எரிச்சல் எனக்குள் இருந்தது. ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு இந்த வலி வந்தது. நீ துடிப்பதைப் பார்த்து நான் அழுதது பொய் இல்லை. ஆனால் ஊர் விலகிப்போனது. நீ பேசுவது ஒரே ஆளிடம் என்றாயிற்று, அந்த ஆள் நான். நாலு பேர் கூடும் இடத்தில் என் குரல் பெரிதாகக் கேட்டது என்று எழுதினாயே, அந்தக் குரல் அப்போது வந்ததுதான். வலி உன்னை விட்டுப் போனால் நீ பழையபடி எல்லோருக்கும் ஆகிவிடுவாய் என்று வரப்பில் நின்றபோது எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் துரத்தவில்லை. மெக்கானிக் மேல் எரிந்தேன் என்று எழுதினேன். உண்மையில் உனக்குக் குணமாகிவிடுமே என்றுதான் எனக்கு முதலில் எரிந்தது.

அந்தப் பல் பிடுங்கிய இரண்டு நாளும் நான் ஆஸ்பத்திரி வாசலில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்து மூடிக்கொண்டேன். பாலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. அதைப் படித்ததிலிருந்து வெண்ணாற்றுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறேன்.

மன்னிப்பு கேட்கும் அளவுக்கு எனக்கு முகம் இல்லை. நீ அங்கேயே இருப்பதானாலும் சான்ட்ராவிடம் நானே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ரெமிஜியஸ்


தாம்பரம்
21.11.2024

உங்கள் கடிதம் வந்தது.

இப்போது பதில் எழுதினால் எழுதக் கூடாததை எழுதிவிடுவேன். கொஞ்ச நாள் எழுத மாட்டேன். நீங்களும் சான்ட்ராவிடம் எதையும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியது இருந்தால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

செ.


ஐந்தாங்கட்டளை
1.12.2024

செபஸ்திக்கு,

எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, நீ எழுத மாட்டேன் என்றுதான் சொன்னாய். அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாலு நாள் விடாத மழை. தெற்கு வயல் முழுகிப் பயிர் நுனி மட்டும் தெரிகிறது. வடிகாலை வெட்டிவிட்டோம், மெதுவாக இறங்குகிறது. வடக்கு வயல் மேடு என்பதால் தப்பிக்கும். வீட்டில் அடுப்படி மட்டும் ஒழுகியது. உன் நோட்டுகளை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டில் மேல் ஏற்றிவிட்டேன். ஏற்றும்போது சிலதைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய நோட்டில் "ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்களா?" என்று பதினோரு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான் வாயால் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்று பூசைக்குப் போனேன். உபதேசியார் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்ன ரெமி, வேளாங்கண்ணில எத்தன நாள் வேண்டுதல்? ரெண்டு மாசம் ஆகுதே, செபஸ்தி எப்படி இருக்குது?"

வாயில் நாலு பதில் வந்தது செபஸ்தி. பொய் ஒன்று, பாதிப் பொய் ஒன்று. உண்மையைச் சொல்லி எல்லோர் முன்னாலும் அழுதுவிடலாமா என்றுகூட வந்தது. அதுவும் உனக்குப் பதிலாக நான் சொல்வதாகத்தான் ஆகும் என்று நின்றுவிட்டேன்.

"வேளாங்கண்ணின்னு நான் சொன்னது பொய்ங்க. மத்தத அவ வந்து சொல்லுவா" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். வருவாயா என்று தெரியாமல்தான் வருவாள் என்று சொன்னேன். அது மட்டும் உன்னைக் கேட்காமல் சொன்னது.

ரெமிஜியஸ்


தாம்பரம்
8.12.2024

சான்ட்ரா அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதத்தையும் மறுபடி மறுபடி படித்தேன். ஒரு நாள் படித்தால் கிழித்துப் போடலாம் போல இருந்தது, மறுநாள் படித்தால் பாவமாக இருந்தது. பாவமாக இருந்த நாளிலும் கோபம் குறையவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கும் போலிருக்கிறது.

டாக்டர் நஃபீசா ஒரு மாசம் கழித்து நேற்று பார்த்தார். பத்துக்கு எத்தனை என்று கேட்பார்களே, ஒன்பதில் இருந்தது இப்போது இரண்டு, மூன்று. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் லேசாகச் சுருக்கென்கிறது. உதட்டோரம் மரத்திருக்கிறது. இது இப்படியே நிற்குமா, திரும்பி வருமா என்று அவருக்கும் தெரியாதாம். சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கிறது, சிலருக்கு மாசங்களில் திரும்புகிறது என்றார்.

துரைராசுவுக்கு ஒரு விஷயம் சொல்ல போன் செய்தேன். நான் பேசப் பேச அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மெசேஜ் அனுப்பினார். "உங்க குரலக் கேட்டா வயிறு எரியுதும்மா. நல்லா இருங்க. எனக்கும் சேத்துப் பேசுங்க" என்று. அதை மட்டும் செய்ய மாட்டேன் என்றேன். அவருக்கு ஆபரேஷனில் வேறு வழி இருக்கிறது, டாக்டரை அவரே கேட்க வேண்டும், பேச முடியாவிட்டால் எழுதிக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். வியாழக்கிழமை வருகிறாராம். இதைப் படித்து உங்களுக்கு எரிந்தால் எரியட்டும்.

இந்த வாய் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அதை யாரோடு செலவழிப்பது என்று யோசித்தேன். தம்பி வீட்டில் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் பேசுகிறார்கள். நானும் அன்பாகப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. நான் பேச வேண்டியது எதுவும் அன்பானதாக இல்லை. அதைக் கேட்க வேண்டிய ஆள் ஐந்தாங்கட்டளையில் முழுகிய வயலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

பதினாலாம் தேதி சனிக்கிழமை காலை மன்னை எக்ஸ்பிரஸில் நீடாமங்கலம் வருகிறேன். மொட்டைத் தலையில் முடி ஒரு விரல்கடைதான் முளைத்திருக்கிறது, முக்காடு போட மாட்டேன். உபதேசியாரில் இருந்து ரேஷன் கடை வரைக்கும் யார் கேட்டாலும் நான் சொல்லிக்கொள்கிறேன். என்ன சொல்வேன், எவ்வளவு சொல்வேன் என்று இப்போதே உங்களிடம் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தோடு இருங்கள்.

ஸ்டேஷனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். முகத்தில் சுற்றத் துண்டு கொண்டுவர வேண்டாம். மெதுவாகவும் ஓட்ட வேண்டாம், எனக்குக் காற்று வேண்டும். வெண்ணாற்றுப் பாலத்து வழியாகத்தான் போக வேண்டும், சுற்றிக்கொண்டு போகக் கூடாது. பாலத்து நடுவில் நிறுத்தச் சொல்வேன், நிறுத்துங்கள்.

நோட்டை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். பதினோரு வருஷத்துச் சண்டை சேர்ந்து கிடக்கிறது. ஆரம்பத்தில் இருந்து முடிவு வரைக்கும் வாயாலேயே போடப் போகிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி, நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். நடுவில் நான் மூச்சு வாங்க நிறுத்தினால், அடுத்த வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

செபஸ்தியம்மாள்